நீங்கள் முகத்தில் பூசுவது நிஜமான கஸ்தூரி மஞ்சளா? ஒரு காட்டுச் செடியை அடையாளம் கண்ட கதை

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, ஆன்லைனில் வாங்கிய ‘கஸ்தூரி மஞ்சள்’ பொடியைப் பாலில் குழைத்து முகத்தில் போட்டேன். இருபது நிமிஷம் கழித்துக் கழுவினால், மஞ்சள் போகவே இல்லை. ஃபேஸ்வாஷ், கடலைமாவு, கடைசியில் தேங்காய் எண்ணெய் வரைக்கும் போட்டுத் தேய்த்தாச்சு. மறுநாள் குரூப் போட்டோவில் நான் மட்டும் காமாலை வந்த ஆள் மாதிரி நிற்கிறேன். ‘கஸ்தூரி மஞ்சள் ஒட்டாதுன்னுதானே எல்லா ரீல்ஸ்லயும் சொல்றாங்க?’ என்று புலம்பியபோது, பக்கத்தில் இருந்த என் சித்தி சொன்னார்: “கடையில வாங்கினா அப்படித்தான் இருக்கும். நம்ம வீட்டுப் பின்னாடியே காடு மாதிரி கிடக்கு, வந்து எடுத்துட்டுப் போ.”

போனேன். ஆனால் சித்தி வீட்டுப் பின்னால் கிடந்ததும் கஸ்தூரி மஞ்சள் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாசம் ஆனது. அந்த எட்டு மாசத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நலங்கு மாவு அரைக்கிற வீட்டில் இருப்பவர்களுக்கும், மலைப்பக்கம் டிரெக்கிங் போகும்போது ஏதாவது பூவைப் பார்த்தால் போனை நீட்டுகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில், யார் இந்தக் கஸ்தூரி மஞ்சள்?

நாம் குழம்பில் போடும் மஞ்சளின் தாவரவியல் பெயர் குர்குமா லாங்கா. கஸ்தூரி மஞ்சள் அதே குர்குமா பேரினத்தில் வேறு ஒரு சிற்றினம்: குர்குமா அரோமாட்டிகா. ஒன்றின் ‘காட்டு வடிவம்’ இன்னொன்று என்று சிலர் நினைப்பது தவறு. இரண்டும் அக்கா தங்கை மாதிரி, தனித்தனிச் செடிகள். சமையல் மஞ்சள் மனிதன் நட்டால்தான் பரவும். கஸ்தூரி மஞ்சளோ மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரங்களில், ஈரப்பதமான இலையுதிர் காடுகளில், யாரும் நடாமலேயே வளர்கிறது. வீட்டுத் தோட்டங்களிலும் சிலர் வைத்திருப்பார்கள்.

சமையல் மஞ்சளுக்கு அந்த ஆழ்ந்த நிறத்தைக் கொடுப்பது குர்குமின். கஸ்தூரி மஞ்சளில் அது ரொம்பக் குறைவு. அதனால்தான் தோலில் நிறம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாக ஒட்டிக் கழுவினால் போய்விடும். அதன் பெருமை வாசனையில்தான் இருக்கிறது. கிழங்கை ஒடித்தால் கற்பூரம் கலந்த மாதிரி ஒரு குளிர்ந்த மணம் வரும். பெயரில் ‘கஸ்தூரி’ வந்ததும், லத்தீனில் ‘அரோமாட்டிகா’ வந்ததும் இந்த மணத்தை வைத்துத்தான்.

சிக்கல் என்னவென்றால், சந்தையில் இந்தப் பெயரில் விற்பதில் நிறைய, மஞ்சக்கூவை என்று கேரளத்தில் சொல்கிற வேறொரு குர்குமா. அது பெரிதாக வளரும், கிழங்கு நிறையக் கிடைக்கும், வெட்டினால் நல்ல ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். பார்க்கிற கண்ணுக்கு ‘ஆஹா, எவ்வளவு மஞ்சள்!’ என்று தோன்றும். நிஜமான கஸ்தூரி மஞ்சள் அதன் பக்கத்தில் சோகையாகத் தெரியும். நிறத்தைப் பார்த்து வாங்குகிற நம் பழக்கம்தான் போலிக்குப் பெரிய விளம்பரம்.

மே மாசம், குலசேகரம் பக்கம்

சித்தி வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் தாண்டி ஒரு மலையடிவார ஊரில். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம், அதையொட்டி ஒரு ஓடை. கோடை மழை இரண்டு தடவை பெய்து முடித்திருந்தது. ஓடைக்கரையில் காய்ந்த ரப்பர் இலைகளுக்கு நடுவே, ஒரு இலைகூட இல்லாமல், தரையிலிருந்து நேரடியாகப் பூங்கொத்து எழும்பியிருந்தது. ஒரு சாண் உயரம். கீழ்ப்பாதி பச்சை, மேல்பாதி ரோஸ். யாரோ பொக்கேயைத் தரையில் குத்திவைத்துவிட்டுப் போன மாதிரி.

நான் பூ என்று நினைத்தது பூவே இல்லை. அது பூவடிச்செதில்கள். குர்குமாவில் இந்தச் செதில்கள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சின்னச் சின்னப் பை மாதிரி ஆகிவிடும். நிஜமான பூ அந்தப் பைக்குள்ளிருந்து ஒன்றிரண்டாக எட்டிப் பார்க்கும். உச்சியில் ரோஸ் நிறத்தில் விரிந்திருக்கும் செதில்களில் பெரும்பாலும் பூவே இருக்காது. வண்டு, தேனீக்களைக் கூப்பிடும் கொடி அது. மழைக்காலத்தில் அந்தப் பைகளில் தண்ணீர் நிற்பதையும், அதில் எறும்பு நீந்துவதையும் பார்க்கலாம். நான் பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கூகுள் லென்ஸ். நாலு கோணத்தில் நாலு படம் எடுத்தேன், நாலு பெயர் வந்தது. ஒன்று சமையல் மஞ்சள், ஒன்று கஸ்தூரி மஞ்சள், ஒன்று கருமஞ்சள், கடைசிப் படத்துக்கு ஏதோ தாய்லாந்து அலங்காரச் செடி. ஒரே செடிக்கு!

ஆப்பைக் குறை சொல்லவும் முடியாது. அது படத்தில் இருப்பதைத்தான் பார்க்கிறது. குர்குமாவில் பல சிற்றினங்களுக்குப் பூங்கொத்து கிட்டத்தட்ட ஒரே மாதிரி. வித்தியாசம் இருக்கும் இடங்கள் இலையின் அடிப்பக்கமும் கிழங்கின் உள்ளேயும். அந்த இரண்டையும் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

தெரிந்த தாவரவியல் பேராசிரியர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன். ஓய்வுபெற்றவர், பொறுமைசாலி. பதில் ஒரே வரி: “இலை வரட்டும்மா, அப்புறம் பேசலாம்.”

இலை வருவதற்குள் ஒரு பாடம்

ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவர் எனக்கு இஞ்சிக் குடும்பத்தைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டார். ஸிங்கிபெரேசியே என்பது குடும்பத்தின் பெயர். உலகம் முழுக்கச் சுமார் 1,600 சிற்றினங்கள், பெரும்பாலானவை ஆசியாவில். இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், சித்தரத்தை, கச்சோலம் எல்லாம் உறவுக்காரர்கள்.

ஒரு செடி இந்தக் குடும்பமா என்று பார்க்க முதல் சோதனை மூக்கு. இலையைக் கொஞ்சம் கசக்கி முகர்ந்தால் ஏதாவது ஒரு வாசனை இருக்கும். அடுத்தது இலை அடுக்கு. இலைகள் எதிரெதிராக இரண்டே வரிசையில், விசிறி மாதிரி வரும். ‘தண்டு’ என்று நாம் நினைப்பது தண்டு இல்லை. வாழையைப்போல இலையுறைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்பது. நிஜமான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பள்ளியில் மட்டநிலத்தண்டு என்று படித்திருப்பீர்கள்.

சுகர் இருக்கிற வீடுகளில் ‘இன்சுலின் செடி’ என்று ஒன்றைத் தொட்டியில் வைத்திருப்பார்கள் இல்லையா? அதுவும் அதன் காட்டு உறவுகளும் முன்பு இஞ்சிக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. இப்போது காஸ்டேசியே என்று தனிக்குடித்தனம். காரணத்தை நீங்களே பார்க்கலாம்: அதன் இலைகள் மாடிப்படி மாதிரி தண்டைச் சுற்றிச் சுழன்று ஏறும். கசக்கினால் இஞ்சி வாசனையும் வராது.

பூவைத்தான் அவர் ரொம்ப நேரம் விளக்கினார். நாம் ‘இதழ்’ என்று பார்க்கிற, முன்னால் நாக்கு மாதிரி நீட்டியிருக்கிற மஞ்சள் பகுதி, இதழ் இல்லை. மகரந்தத்தாள்களாக இருந்திருக்க வேண்டியவை உருமாறி ஒட்டி, உதடு மாதிரி ஆனது. இந்தக் குடும்பத்தில் வேலை செய்கிற மகரந்தத்தாள் ஒன்றே ஒன்றுதான். சூலகத்தண்டு நூல் மாதிரி மெல்லிசு. தானாக நிற்க முடியாமல், அந்த ஒற்றை மகரந்தப்பையின் இரண்டு அறைகளுக்கு நடுவே நுழைந்து, அதைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டும். ஊசியில் நூல் கோத்த மாதிரி. குர்குமாவில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மகரந்தப்பையின் அடியில் இரண்டு குட்டிக் கொம்புகளும் உண்டு. சில சிற்றினங்களில் தேனீ உள்ளே நுழையும்போது கொம்பில் இடிக்க, மகரந்தப்பை சாய்ந்து அதன் முதுகில் பொடியைத் தடவிவிடும். பத்து ரூபாய் லென்ஸ் இருந்தால் போதும், இதையெல்லாம் வீட்டில் பூத்திருக்கும் சாதாரண மஞ்சள் பூவிலேயே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். அதே ஈரமான வேலியோரங்களில், அதே முதல் மழைக்கு முளைக்கிற இன்னொரு கிழங்கு செங்காந்தள். நம் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்பதும் அதுதான். அதன் கிழங்கில் இருக்கும் கால்சிசின் ஆளைக் கொல்லும் விஷம். ஏதோ சாப்பிடுகிற கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அதன் இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும், மஞ்சளின் இலை அப்படி இருக்காது. இலை இல்லாத நேரத்தில், வெறும் கிழங்கை வைத்துக்கொண்டு ‘இதுதான் அது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானாக இருந்தாலும் சரி.

தடவிப் பாருங்கள், சொல்லிவிடும்

ஜூன் கடைசியில் மறுபடி போனேன். பூங்கொத்துகள் அழுகிப் போயிருந்தன. அதே இடத்தில் இடுப்புயரத்துக்கு இலைகள். பேராசிரியர் சொல்லியனுப்பியது ஒரே வேலை: இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்.

கஸ்தூரி மஞ்சளுக்கு அடிப்பக்கத்தில் மென்மையான முடி உண்டு. வெல்வெட் துணியைத் தடவுகிற உணர்வு. சமையல் மஞ்சளின் இலை இரண்டு பக்கமும் வழவழ. மஞ்சக்கூவையும் வழவழதான், கூடவே இலையின் நடுநரம்பை ஒட்டி ஒரு கருஞ்சிவப்பு, கிட்டத்தட்ட ஊதாப் பட்டை ஓடும். சில செடிகளில் இலை முற்ற முற்ற அது மங்கிவிடும், அதனால் இளம் இலையில் பார்க்க வேண்டும்.

சித்தி வீட்டுச் செடியின் இலையைத் தடவினேன். கண்ணாடி மாதிரி வழவழ. திருப்பிப் பார்த்தால் நடுவில் ஊதாக் கோடு, பேனாவால் போட்ட மாதிரி.

சித்திக்கு அதைச் சொல்வதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. “முப்பது வருஷமா இதைத்தான் அரைச்சுப் போடுறேன். உன் அம்மாவுக்கும் கொடுத்தனுப்பியிருக்கேன். நேத்து வந்த நீ இல்லன்னு சொல்லுதியா?” என்றார். நியாயமான கேள்வி. பரம்பரையாக வந்த அறிவு எல்லாம் தப்பு என்று சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அவருடைய அம்மா காலத்தில் எந்தச் செடி அந்த ஓடைக்கரையில் இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. செடி மாறியிருக்கலாம், பெயர் மட்டும் தங்கியிருக்கலாம்.

பூக்கும் காலத்திலும் கொஞ்சம் தகவல் கிடைக்கும். சமையல் மஞ்சள் பெரும்பாலும் மழைக்காலம் முற்றிய பிறகு, இலைக்கொத்தின் நடுவிலிருந்து பூக்கும். உச்சிச் செதில்கள் வெளிர் பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்கும். கஸ்தூரி மஞ்சளும் மஞ்சக்கூவையும் கோடை மழைக்கு, இலை வருவதற்கு முன்பு அல்லது இலையோடு சேர்ந்து, பக்கத்தில் தனியாக மண்ணிலிருந்து பூங்கொத்து விடும். அதாவது மே மாசம் நான் பார்த்த காட்சியை வைத்து ‘சமையல் மஞ்சள் இல்லை’ என்று மட்டும்தான் சொல்லியிருக்க முடியும். லென்ஸ் சொன்ன முதல் பெயரை அப்போதே நான் அடித்திருக்கலாம்.

கிழங்கின் உள்நிறம் கடைசிச் சாட்சி. ஜனவரியில் இலை எல்லாம் காய்ந்து மடிந்த பிறகு, சித்தியே மண்வெட்டியோடு வந்து ஒரு தூரை எடுத்து வெட்டிக் காட்டினார். ஆழ்ந்த ஆரஞ்சு மஞ்சள். கஸ்தூரி மஞ்சளாக இருந்திருந்தால் வெளிர் மஞ்சள், கிட்டத்தட்ட க்ரீம் நிறம் வந்திருக்க வேண்டும். சித்தி ஒன்றும் பேசவில்லை. கிழங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, “கற்பூர வாசம் இல்லதான்” என்றார்.

பெயர்களின் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல

இந்தக் குழப்பத்தில் நாம் தனியாக இல்லை. நலங்கு மாவில் போடும் பூலாங்கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சில புத்தகங்களில் அது குர்குமா ஸெடோரியா, சிலவற்றில் ஹெடிகியம் ஸ்பைகேட்டம். இரண்டும் இஞ்சிக் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு பேரினம். கிச்சிலிக்கிழங்கு என்ற பெயரும் இதே மாதிரி புத்தகத்துக்குப் புத்தகம் நகரும். நாட்டு மருந்துக்கடையில் காய்ந்த வில்லையாகக் கொடுக்கும்போது, அது எந்தச் செடி என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

இந்தச் செடிகளை முதலில் படம் போட்டு அச்சில் கொண்டுவந்த பெரிய முயற்சி மலபாரில் நடந்தது. கொச்சியின் டச்சு ஆளுநர் ஹெண்ட்ரிக் வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. அதற்குச் செடிகளையும் பெயர்களையும் மருந்து குணங்களையும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். மஞ்சள் வகைகள் அதில் ‘கூவ’ என்ற ஊர்ப்பெயரோடு வருகின்றன. முன்னூறு வருஷத்துக்கு முன்பே நம் பக்கத்து ஊர் வைத்தியர் இதையெல்லாம் பிரித்துச் சொல்லியிருக்கிறார்.

நம் பக்கம் ராபர்ட் வைட் இருந்தார். மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர், கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடி ஆராய்ச்சியையும் பார்த்துக்கொண்டவர். நீலகிரி மலையில் வளரும் குட்டையான காட்டு மஞ்சளுக்கு ‘குர்குமா நீல்கெரென்சிஸ்’ என்று 1853-ல் பெயர் வைத்தது அவர்தான். அவருடைய புத்தகங்களின் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் வைத்தார். அந்த ஓவியங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். பூவின் ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துத் தனியாக வரைந்திருப்பார்கள். நம் போன் கேமரா இன்னும் அதை எட்டவில்லை என்பது என் கருத்து.

ஏன் ஓவியம் இவ்வளவு முக்கியம்? இஞ்சிக் குடும்பத்துப் பூக்கள் தண்ணீர் மாதிரி. பெரும்பாலும் ஒரே நாள் வாழும். மற்ற செடிகளை அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டிப் பாதுகாப்பதுபோல இதைச் செய்தால், பூ பழுப்புக் கறையாகிவிடும். கிழங்கின் நிறமும் மணமும் போய்விடும். அதனால் பழைய சேகரிப்புகளை மட்டும் வைத்து இந்தச் செடிகளைப் பிரிப்பது பெரும்பாடு. இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் பூக்களை ஸ்பிரிட்டில் போட்டு வைக்கிறார்கள், செடியை உயிரோடு கொண்டுவந்து தோட்டத்தில் வளர்த்து வருஷக்கணக்கில் பார்க்கிறார்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் எம். சாபு அப்படி உழைத்து, தென்னிந்திய இஞ்சிக் குடும்பத்துக்கென்றே 2006-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இன்றும் இந்தப் பக்கத்து இஞ்சிச் செடி எதையும் சரிபார்க்க, முதலில் புரட்டுவது அதைத்தான்.

அவரும், இஞ்சிக் குடும்பத்தில் உலக அளவில் பெயர்பெற்ற ஜானா லியோங் ஸ்கோர்னிச்கோவாவும் இருந்த குழு, இந்திய குர்குமாக்களின் குரோமோசோம்களை எண்ணி 2007-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. எண்ணிக்கை 22-லிருந்து 105 வரை! மனிதர்கள் எல்லோருக்கும் 46 என்று படித்த நமக்கு இது தலைசுற்றும். சமையல் மஞ்சளுக்கு 63. ஒற்றைப்படை மடங்கில் இருப்பதால் அது சாதாரணமாக விதை வைப்பதில்லை, கிழங்கிலிருந்துதான் பரவுகிறது. இப்படிக் கலந்து, மடங்கி, கிழங்கு மூலம் ஊர் ஊராகப் போன செடிகளுக்கு நடுவே கோடு கிழிப்பது நிபுணர்களுக்கே கஷ்டம். ஸெடோரியா, சாந்தோரைசா என்ற பெயர்கள் சரியாக எந்தச் செடிக்கு என்பதிலேயே நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. சித்தி வீட்டுச் செடியைப் பேராசிரியர் ‘சாந்தோரைசா பக்கம்தான் போகுது’ என்றார். ‘அதேதான்’ என்று அவர் சொல்லவில்லை.

போனில் என்னென்ன எடுக்க வேண்டும்?

நீங்களும் ஒரு காட்டு மஞ்சளைப் பார்த்தால், பூவை மட்டும் க்ளோஸப் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதோடு நிறுத்தாதீர்கள். முழுத் தூரும் தெரிகிற மாதிரி ஒரு படம், பக்கத்தில் ஸ்கேலோ தண்ணி பாட்டிலோ வைத்து. பூங்கொத்து மண்ணிலிருந்து வருகிறதா, இலைக்கு நடுவிலிருந்து வருகிறதா என்று தெரிகிற மாதிரி தரையோடு படுத்து ஒரு படம். பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும். இலையின் மேல்பக்கம். இலையின் அடிப்பக்கம், வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்து. அப்போதுதான் முடி தெரியும். வாசனையைப் படம் எடுக்க முடியாது, அதனால் வாய்ஸ் நோட்டில் சொல்லி வையுங்கள். ‘மாங்காய் மாதிரி’, ‘கற்பூரம் மாதிரி’ என்று அந்த நேரத்தில் தோன்றுவதுதான் சரியான குறிப்பு. வீட்டுக்கு வந்து யோசித்தால் எல்லாம் மஞ்சள் வாசனையாகிவிடும்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலில் போட்டால், விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். பெயர் கிடைத்ததும், லண்டன் கியூ தோட்டத்தின் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தில் அந்தப் பெயர் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்கலாம். ஒரே செடிக்கு நாலு பழைய பெயர்கள் இருப்பது சாதாரணம்.

கிழங்கை மட்டும் தோண்டாதீர்கள். காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியில்லாமல் செடியை எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், இந்தச் செடிக்குக் கிழங்குதான் உயிர். பூவைப் பறித்தால் அடுத்த வருஷம் வரும். கிழங்கை எடுத்தால் அந்தத் தூர் அவ்வளவுதான். ‘ஒரிஜினல் காட்டுக் கஸ்தூரி மஞ்சள்’ என்று விலை ஏற ஏற, மலையடிவாரத்தில் எதைக் கண்டாலும் தோண்டுகிற ஆட்களும் வருவார்கள். அப்படித் தோண்டுவதில் பாதி கஸ்தூரி மஞ்சளாகக்கூட இருக்காது.

பொடியாக வாங்கினால்?

பொடியில் இலை இல்லை, முடி இல்லை. இருப்பது நிறம், மணம், சுண்ணாம்பு.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ரத்தச் சிவப்பாக மாறுமே, அது குர்குமின் செய்கிற வேலை. ஒரு ஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கலந்து, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஒரு துளி சேர்த்துப் பாருங்கள். நல்ல ஆழ்ந்த சிவப்பாக மாறினால், குர்குமின் நிறைய இருக்கிறது. கஸ்தூரி மஞ்சள் என்ற பெயர்மேல் சந்தேகப்படலாம். லேசாகத்தான் மாறினால் அதை வைத்து ‘ஒரிஜினல்’ என்று உறுதி செய்துவிட முடியாது, மாவு கலந்தாலும் அப்படித்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி நான் வாங்கிய பொடியின் மிச்சத்தைப் போட்டுப் பார்த்தேன். ஆரத்தியே எடுத்திருக்கலாம்.

முடிந்தால் முழுக்கிழங்காக வாங்கி உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளிர் நிறமா, கற்பூர மணமா என்று பார்த்துவிட்டு வீட்டில் அரைத்துக்கொள்ளலாம். ஒன்று, எந்த மஞ்சளும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள். ரீல்ஸ் கமென்ட்டில் கேட்காதீர்கள்.

சித்தி கதைக்கு வருகிறேன். கிழங்கை வெட்டிய அந்த ஜனவரியில், அவர் சும்மா இருக்கவில்லை. ஊரில் யார் யார் வீட்டில் மஞ்சள் இருக்கிறதோ அங்கெல்லாம் விசாரித்திருக்கிறார். இந்த வருஷம் ஜூலையில் எனக்கு ஒரு வீடியோ கால். மூணு வீடு தள்ளி ஒரு பாட்டியின் தென்னந்தோப்பில், கிணற்று மேட்டில், ஒரு சின்னத் தூர். கேமராவை இலைக்கு அடியில் கொண்டுபோய், விரலால் தடவிக் காட்டினார். “முடி இருக்கு பாரு. பூனைக்குட்டி வயிறு மாதிரி இருக்கு.”

படங்களைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். இந்த முறை பதில் இரண்டு வரி: “அரோமாட்டிகா மாதிரிதான் தெரியுது. ஜனவரியில கிழங்கு நிறம் பார்த்துட்டு உறுதிப்படுத்திக்கலாம்.”

பாட்டி ஒரு துண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். சித்தி ஏற்கெனவே ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி வைத்துவிட்டார். ஓடைக்கரையில் இருப்பதோடு கலந்துவிடக் கூடாதென்று, அதை மாடியில் வைக்கப்போகிறாராம்.